பூட்டிக் கிடந்த வாசகசாலை
ஜவ்வாது மலையில் கொரோனா காலமும் பெரியவர்கள் படிப்பும்

ஜவ்வாது மலை பெரிய மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது. சாமைக்கும் தேனுக்கும் பெயர் போன மலை. பலாவும் புளியும் அங்கே ஏராளம். "மலையாளி" என்ற பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. இவர்கள் பேசுவது தமிழ்.

அந்த மலையில் காவலூர் என்று ஓர் ஊர். அங்கே பெரிய தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம். 1986-ம் ஆண்டு அதற்கு விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் மின்னும் நட்சத்திரத்தை அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள். அதே மலையில், கையில் இருக்கும் காகிதத்தைப் படிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 100 பேருக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பழங்குடி மக்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 100-க்கு 54 பேர்தான். மீதிப் பேர் யார்? பெரும்பாலும் பெரியவர்கள். சிறு வயதில் ஆடு மேய்த்தவர்கள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், பெற்றோருடன் பிழைப்புக்கு வெளியூர் போனவர்கள்.

இவர்களுடைய நிலை கொரோனா காலத்தில் என்ன ஆயிற்று?

எல்லாம் நின்ற நாள்

2020-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி. அன்று மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பஸ் நின்றது. சந்தை நின்றது. டீக்கடை மூடியது. பள்ளிக்கூடங்களும் வாசகசாலைகளும் அந்த மாதத்தில் மூடிவிட்டன.

வாசகசாலை மூடியதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அரிசிக் கவலை முன்னே நின்றது. உயிர்க் கவலை அதற்கும் முன்னே நின்றது. கேரளாவிலும் கர்நாடகத்திலும் மிளகுத் தோட்டத்துக்கும் காப்பித் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் இந்த மலையில் ஏராளம். போன ஆள் எப்படித் திரும்புவான் என்ற கவலை வேறு. இதற்கு நடுவே புத்தகக் கவலை எங்கே வரும்?

ஆனால் அந்தக் காலத்தைப்போல, காகிதம் மனிதனைத் துரத்திய காலம் வேறு இல்லை. ரேஷன் கடையில் 1,000 ரூபாய் கொடுக்கிறார்கள் என்றார்கள். அதற்கு டோக்கன். டோக்கனில் தேதி, நேரம். வெளியூரிலிருந்து வர வேண்டுமானால் பாஸ். அந்தப் பாஸுக்கு மனு. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு நோட்டீஸ். ஊராட்சி அலுவலகச் சுவரில் இன்னொரு நோட்டீஸ். நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுப் பிரசுரம். எல்லாமே எழுத்து!

சாதாரண நாளில் எழுதப் படிக்கத் தெரியாதவர் எப்படிச் சமாளிக்கிறார்? பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறார். "தம்பி, இதில் என்ன போட்டிருக்கிறது, பார்த்துச் சொல்" என்கிறார். டீக்கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். அதில் இரண்டு பேர் மறுத்துப் பேசுவார்கள். கடைசியில் செய்தி எல்லோருக்கும் விளங்கிவிடும். தமிழ்நாட்டில் பத்திரிகை பரவியதே இப்படித்தான். படிப்பகங்களும், முடிதிருத்தும் கடைப் பெஞ்சுகளும், டீக்கடைகளும்தான் எத்தனையோ பேருக்குக் கல்லூரி.

கொரோனா வந்ததும், "கூட்டம் கூடாதே!" என்று அரசாங்கம் சொன்னது. சொல்ல வேண்டியதைத்தான் சொன்னது. அதைக் குறை கூற முடியாது. ஆனால் கூடி உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு, கூட்டம் போனால் படிப்பும் போய்விடும். தனியே உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவருக்கு ஊரடங்கு ஓய்வு நாள். படித்துச் சொல்ல ஆள் வேண்டியவருக்கு அது இருட்டு அறை.

"செல்போனில் பார்த்துக்கொள்ளலாமே" என்று கேட்கலாம். சமவெளியில் இருப்பவர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். மலையில் சிக்னல் கிடைக்க வேண்டுமே! தமிழ்நாட்டு மலைக் கிராமங்கள் சிலவற்றில், ஆன்லைன் பாடத்துக்காகப் பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறி உட்கார்ந்த படங்கள் அப்போது பத்திரிகைகளில் வெளிவந்தன. பிள்ளைகள் மரம் ஏறுவார்கள். ஐம்பது வயது அம்மா ஏறுவாளா?

காகிதத்தில் கிருமி இருக்குமா?

அந்த நாளில் இன்னொரு பயமும் பரவியது. பத்திரிகையைத் தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். பல வீடுகளில் பத்திரிகை வாங்குவதை நிறுத்தினார்கள். பத்திரிகைகளைத் தடை செய்ய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கே வந்தது. 2020-ம் ஆண்டு ஏப்ரலில் நீதிபதிகள் அதைத் தள்ளுபடி செய்தார்கள்.

புத்தகத்துக்குப் பயப்படுவது புதிதல்ல. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் இதே பயம் இருந்தது. தொற்றுநோய் உள்ளவர்கள் பொது நூலகத்துப் புத்தகத்தைக் கையாளக்கூடாது என்று 1907-ம் ஆண்டு அங்கே சட்டமே போட்டார்கள். காலம் செல்லச் செல்லப் பயம் போயிற்று. புத்தகம் நின்றது.

கொரோனா காலத்தில் அமெரிக்காவில் நூலகங்களுக்காக ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். அட்டையிலும், மூடிய புத்தகத்தின் உள்தாளிலும் கிருமியைத் தடவிப் பார்த்தார்கள். தனித்தனியே வைத்த புத்தகங்களில் மூன்று நாள் கழித்துக் கிருமி தென்படவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த புத்தகங்களிலோ ஆறு நாள் கழிந்தும் இருந்தது. காற்றுப் படாமல் அடுக்கினால் கிருமிக்கு வசதி! ஆகவே திரும்பி வந்த புத்தகங்களைச் சில நாட்கள் தனியே வைத்து, பிறகு மற்றவருக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு விஷயம் இன்னும் தெளிவாயிற்று. கொரோனா முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது, பொருள்களைத் தொடுவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு என்று 2021-ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்க நோய்த் தடுப்பு நிலையம் அறிவித்தது. அசுத்தமான பொருளை ஒரு முறை தொட்டால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது அதன் கணக்கு.

இதன் பொருள் என்ன? அடைத்த அறையில் பலர் கூடி உட்காருவதில்தான் ஆபத்து. புத்தகம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போவதில் பெரிய ஆபத்து இல்லை. அறையை மூடியது சரி. புத்தகத்தையும் சேர்த்துப் பூட்டியதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் முதல் மாதங்களில் இது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் பயந்தவர்களை இப்போது கேலி செய்வது நியாயம் அல்ல.

திறந்தார்கள், ஆனால்...

தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி நூலகங்கள் கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டன. நேரம், காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வரக்கூடாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வரக்கூடாது. கர்ப்பிணிப் பெண்கள் வரக்கூடாது.

அவர்களைப் பாதுகாக்கத்தான் இந்த விதி. என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் இல்லை, முதியவர்கள் இல்லை. மலையில் காலை 8 மணிக்குக் காட்டு வேலைக்குப் போனவர்கள் 2 மணிக்குள் திரும்புவதில்லை. பின்பு யார்தான் வருவார்கள்? பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்கள் வந்தார்கள். நகரத்து நூலகங்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. வேலைக்கான பரீட்சை எழுதும் ஏழைப் பிள்ளைகளுக்கு மேஜையும் விளக்கும் தருகிற இடம் நூலகம்தானே.

மலையில் நூலகம் என்றால் எது? 2006-ம் ஆண்டு முதல் 2011-ம் ஆண்டு வரை, அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். நல்ல திட்டம். ஆனால் பல ஊர்களில் பிற்காலத்தில் பராமரிப்பு இல்லாமல் அவை பூட்டிக் கிடந்தன. கொரோனாவுக்கு முன்பே பூட்டிய கதவை, கொரோனாவுக்குப் பிறகு திறப்பது எப்படி? மேலும், மலையில் ஓர் ஊராட்சி என்பது ஒரே ஊர் அல்ல. பல குக்கிராமங்கள் சேர்ந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காட்டு வழியே மைல் கணக்கில் நடக்க வேண்டும். நடுவிலே ஒரு கட்டிடம் கட்டிவிட்டால், எல்லோருக்கும் நூலகம் கிடைத்துவிட்டதாகச் சமவெளியில் கணக்கு எழுதலாம். மலையில் அந்தக் கணக்கு உதவாது.

வதந்தி வேகமாக மலை ஏறும்

புத்தகம் ஏறாத மலையில் வதந்தி ஏறிவிட்டது. 2021-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி நடிகர் விவேக் சென்னையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 17-ந் தேதி காலை அவர் மாரடைப்பால் காலமானார். தமிழ்நாடே அழுதது. "ஊசிதான் காரணம்" என்ற பேச்சு தீப்போலப் பரவியது. இருதயக் குழாய் அடைப்பே காரணம், ஊசி காரணம் அல்ல என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசாங்கத்தின் நிபுணர் குழுவும் அதே ஆண்டு அக்டோபரில் அப்படியே முடிவு சொன்னது. ஆனால் ஆறு மாதம் கழித்து வந்த முடிவு எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

வதந்திக்குப் படிப்பு வேண்டாம். காதும் வாயும் போதும். மறுப்புக்குத்தான் எழுத்து வேண்டும். அதைப் படித்துச் சொல்ல, ஊரில் நம்பிக்கையான ஓர் ஆளும் வேண்டும்.

தடுப்பூசிக்குப் பெயர் பதிவு செய்த முறையும் ஒரு வேடிக்கை. 2021-ம் ஆண்டு மே 1-ந் தேதி, 18 வயது முடிந்த எல்லோருக்கும் ஊசி என்றார்கள். 45 வயதுக்குக் குறைந்தவர்கள் இணையத்தில் பதிவு செய்தால்தான் ஊசி. அந்தப் பக்கம் தொடக்கத்தில் இங்கிலீஷில் இருந்தது. செல்போனுக்கு ரகசிய எண் வரும். அதை உடனே பார்த்துத் தட்ட வேண்டும். தமிழே படிக்கத் தெரியாத ஒருவர், சிக்னல் இல்லாத மலையில் நின்று, இங்கிலீஷ் பக்கத்தில் எண்ணைத் தட்டுவது எப்படி? மூன்று வாரம் கழித்து, மே 24-ந் தேதிதான், அரசாங்க நிலையங்களில் நேரில் வந்தும் பதிவு செய்யலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். நோய் உச்சத்தில் இருந்த மாதம் அது.

இந்த இடத்தில் நூலகம் என்ன செய்திருக்கலாம்? மேல்நாடுகளில் பல நூலகங்கள் இந்த வேலையைச் செய்தன. வாசலில் மேஜை போட்டு மனு நிரப்பிக் கொடுத்தன. தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் தொலைபேசியில் பேசின. கட்டிடம் மூடியிருந்தபோதும், வெளியே வண்டியை நிறுத்திக்கொண்டு இணையத்தைப் பயன்படுத்த அனுமதித்தன. நூலகம் என்பது அலமாரி மட்டும் அல்ல என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

முதியோர் பள்ளி

நோய்க் காலத்திலேயே தமிழ்நாட்டில் பெரியவர்களுக்காக ஒரு படிப்புத் திட்டம் தொடங்கியது. "கற்போம் எழுதுவோம்" என்பது அதன் பெயர். 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத 3 லட்சத்து 10 ஆயிரம் பேருக்குக் கற்றுக்கொடுப்பது நோக்கம். தன்னார்வலர்கள் ஆசிரியர்களாக வந்தார்கள். பள்ளிக்கூடமே மூடியிருந்த காலத்தில் பாட்டிகளைப் படிக்க வைப்பது லேசான காரியமா? 2021-ம் ஆண்டு அவர்களுக்குப் பரீட்சையும் நடந்தது. 2022-ம் ஆண்டு முதல் "புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம்" என்ற பெயரில் அந்த வேலை தொடர்ந்தது.

இந்த நாட்டில் முதியோர் கல்வி வெற்றி பெறாமல் போகவில்லை. 1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்யும் பெண்களும் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். அதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்தப் பெண்கள் சைக்கிளில் போனதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், பிறகு வழிவிட்டார்கள்.

ஆனால் முதியோர் கல்வியில் ஒரு கண்டம் உண்டு. அது பரீட்சைக்குப் பிறகுதான் வருகிறது. நாற்பது வயதில் "அ, ஆ" கற்றவர், அடுத்த ஆறு மாதம் ஒன்றும் படிக்காவிட்டால் மறந்துவிடுவார். கையெழுத்து மட்டும் மிஞ்சும். பிறகு அந்தக் கையெழுத்தும் கோணலாகிக் கடைசியில் கைநாட்டில் போய் நிற்கும். பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பத்து வருஷப் பயிற்சி இருக்கிறது. புதிதாகப் படித்த பெரியவருக்கு அது கிடையாது. அவருக்குத் தினமும் ஒரு பக்கமாவது வேண்டும். பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அவருக்குத் தேவையான விஷயமாக இருக்க வேண்டும். சாமை விலை, மாட்டு நோய், பட்டா மனு, பிரசவ உதவித் தொகை, ஒரு நல்ல கதை. இதைக் கொடுக்க வேண்டிய இடம் நூலகம். அந்த நூலகம் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தால், அரசாங்கம் ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எடுத்துக்கொண்டதாக ஆகாதா?

மாட்டு வண்டியும் கழுதையும்

வீட்டுக்கு வராத வாசகரிடம் புத்தகம் போக வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் புதிதல்ல. 1931-ம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கத்தில், மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் ஒரு நூலகத்தை ஓட்டினார். வண்டி கிராமம் கிராமமாகப் போயிற்று. அதே ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் நூலக விதிகள் ஐந்தும் புத்தகமாக வெளிவந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதியின் கருத்து. அவருடைய முயற்சியால், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-ம் ஆண்டு சென்னை ராஜதானியில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில் லூயிஸ் சொரியானோ என்று ஓர் ஆசிரியர். அவர் இரண்டு கழுதைகள் மேல் புத்தகம் ஏற்றி, குன்று குன்றாகக் கொண்டுபோனார். உலகம் முழுவதும் அவர் பெயர் பரவியது.

கழுதை இங்கேயும் மலை ஏறுகிறது. தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் ஓட்டு இயந்திரம் கழுதை முதுகில் போகும் படத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஓட்டுப் பெட்டி ஏறும் வழியில் புத்தகப் பெட்டி ஏற முடியாதா?

கொரோனாவுக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. 2022-ம் ஆண்டு "நூலக நண்பர்கள்" என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் கொண்டுவந்தது. நூலகத்துக்கு நேரில் வர முடியாத முதியவர்கள், உடல் ஊனமுற்றவர்கள் ஆகியோரின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். நோய்க் காலத்தில் யார் வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார்களோ, அந்த முதியவர்களைத் தேடிப் போகிற திட்டம் இது. மலைக்கு இது மிகவும் பொருந்தும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்து முடித்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு போக அவர்களால் முடியும். ஆனால் பையில் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. பாட்டி எதிரே உட்கார்ந்து பத்து நிமிஷம் படித்துக் காட்ட வேண்டும்.

படித்தால் என்ன கிடைக்கும் என்று மலையில் இப்போது யாரும் கேட்பதில்லை. ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்த ஸ்ரீபதி என்ற 23 வயதுப் பெண், குழந்தை பெற்ற சில நாட்களிலேயே சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, சிவில் நீதிபதியாகத் தேர்வு பெற்றார். 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் முதல்-அமைச்சர் மு. க. ஸ்டாலின் அவரைப் பாராட்டினார். மலைப் பெண்களிடம் இதைச் சொன்னால் பெருமைப்படுவார்கள். அடுத்தபடியாக, "எங்கள் ஊருக்கு எப்போது புத்தகம் வரும்?" என்றும் கேட்பார்கள்.

பணம் எங்கே?

நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு வரியோடு சேர்த்து, ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலிக்கிறார்கள். குடிசையும் ஓட்டு வீடுமாக இருக்கும் மலை ஊராட்சியில் வீட்டு வரியே சொற்பம். அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் என்ன தேறும்? ஆகவே மாவட்டம் முழுவதிலும் வசூலாகும் பணத்தை மாவட்ட நூலக ஆணைக் குழு பிரித்துச் செலவு செய்கிறது. சமவெளியில் உள்ள நகரத்தின் வரி, மலைக்குப் புத்தகமாக ஏற வேண்டும். அதுதான் சட்டத்தின் நோக்கம்.

நடப்பது என்ன? வசூலித்த நூலக வரியைப் பல உள்ளாட்சிகள் உரிய காலத்தில் நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைக்கின்றன என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. மக்கள் கட்டிவிட்டார்கள். பணம் நடுவழியில் நிற்கிறது. அந்தப் பாக்கி வந்து சேர்ந்தால், சந்தை நாளில் ஜமுனாமரத்தூரில் நிற்கவும், ரேஷன் போடும் நாளில் குக்கிராமங்களுக்குப் போகவும் ஒரு புத்தக வண்டி வாங்கலாம். படித்துச் சொல்ல ஓர் ஆளையும் அதில் ஏற்றி அனுப்பலாம். நோய்க் காலத்திலும் ரேஷன் கடை நடந்தது. அரிசி வாங்க வரிசையில் நின்றவர், அதே வரிசையில் ஒரு புத்தகத்தையும் வாங்கிப் போயிருக்கலாம்.